கணிதம் படித்தால் பணத்தைப் புரிந்துகொள்ளலாமா? – வாசகர் கேள்வி பதில்

கல்லூரிச் சேர்க்கை நேரம். இந்த மாதம் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை நிதிக்கும் மேலாண்மைக்கும் வேண்டிய கணிதத்தைப் பல்கலைக்கழகத்தில் படிப்பது பற்றித்தான். பிள்ளைகள் கேட்டிருக்கிறார்கள், பெற்றோர் கேட்டிருக்கிறார்கள், கடை வைத்திருக்கும் ஒரு அண்ணாச்சியும் கேட்டிருக்கிறார். கல்லூரியில் கணிதம் நடத்தியே காலத்தைக் கழித்த எனக்கு இதைவிடச் சந்தோஷமான தபால் வேறு இல்லை. நேராக விஷயத்துக்குப் போகலாம்.

சார், பிளஸ் டூவில் கணிதமும் கணினி அறிவியலும் படித்தேன். அம்மா பீடி சுற்றுகிறார்கள். பாளையங்கோட்டையில் பி.எஸ்சி. கணிதமும் கிடைத்திருக்கிறது, பி.காமும் கிடைத்திருக்கிறது. எனக்கு பேங்க், இன்சூரன்ஸ், கம்பெனி நிர்வாகம் அந்தப் பக்கம் போக ஆசை. "பணத்து வேலைக்குப் போகணும்னா பி.காம் படி, கணக்கு படிச்சா டீச்சர் வேலைதான்" என்று மாமா சொல்கிறார். எதை எடுக்கட்டும்?
– மாணவி, முக்கூடல்

மாமா சொல்வதில் பாதி சரி, மகளே. சி.ஏ. படிக்க வேண்டும், வரிச் சட்டம் தெரிய வேண்டும், ஆடிட்டர் ஆபீசில் உட்கார வேண்டும் என்றால் பி.காம்தான் நேர்வழி, அதில் சந்தேகமே வேண்டாம். நடந்து முடிந்த வரவு செலவை ஒழுங்காக எழுதுவதும் சரிபார்ப்பதும் லேசான வேலை அல்ல. ஆனால் நீ எழுதியிருக்கிற ஆசை வேறு மாதிரி இருக்கிறது. பேங்க் ஒருவருக்குக் கடன் கொடுக்கும்போது எவ்வளவு வட்டி வைப்பது, இன்சூரன்ஸில் நாற்பது வயதுக்காரருக்கு எவ்வளவு பிரீமியம் போடுவது, கம்பெனியில் இருக்கிற ஆளையும் சரக்கையும் வைத்து எதை எவ்வளவு செய்வது, இதெல்லாம் இன்னும் நடக்காத விஷயங்களைப் பற்றிய கேள்விகள். நாளை வரப்போகிற பணத்துக்கு இன்று என்ன மதிப்பு, அது வருமா வராதா என்றே தெரியாவிட்டால் என்ன மதிப்பு, கையில் இருப்பது குறைவு என்றால் எதை விட்டு எதை எடுப்பது? இந்த மூன்றுக்கும் கருவி கணிதத்தில்தான் இருக்கிறது.

வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்கள் சிலவற்றில் இதற்கென்றே தனிப் பெயரில் இளநிலைப் பட்டம் உண்டு. நம் பக்கத்தில் பெரும்பாலும் பி.எஸ்சி. கணிதம் என்று சேர்ந்து, அதை நாமே அந்தத் திசைக்குத் திருப்பிக்கொள்ள வேண்டியிருக்கும். நன்றாகவே திருப்பலாம். நுண்கணிதம், அணிகள், வகைக்கெழுச் சமன்பாடுகள், நிகழ்தகவு, புள்ளியியல், நேரியல் திட்டமிடல், இவைதான் நிதிக் கணிதத்தின் அடிப்படை, இவை எல்லாமே பாடத்திட்டத்தில் முதன்மைப் பாடமாகவோ துணைப்பாடமாகவோ வந்துவிடும். துணைப்பாடம் தேர்ந்தெடுக்கச் சொன்னால் கண்ணை மூடிக்கொண்டு புள்ளியியலை எடு. பாடத்திட்டத்தில் இல்லாதது கணக்குப்பதிவியல். இருப்புநிலைக் குறிப்பை வாசிக்கத் தெரியும் அளவுக்காவது அதைத் தனியாகப் படித்துக்கொள், விடுமுறையில் முடித்துவிடலாம். அப்புறம், உன் பள்ளியில் வணிகவியல் பிரிவுத் தோழிகள் வைத்திருந்த பன்னிரண்டாம் வகுப்பு வணிகக் கணிதமும் புள்ளியியலும் புத்தகத்தை வாங்கி வைத்துக்கொள். அறிவியல் பிரிவுப் பிள்ளைகள் அதைத் திறந்தே பார்ப்பதில்லை. எதிர்பார்த்தல், நிகழ்தகவுப் பரவல்கள், கூறெடுப்பு, காலத்தொடர் வரிசை, செயல்முறைகள் ஆராய்ச்சி என்று உனக்கு வேண்டியதெல்லாம் நல்ல தமிழில் அதற்குள் இருக்கிறது.

பட்டம் முடித்த பிறகு வழி நிறைய. சென்னையில் மெட்ராஸ் ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸில் நிதிப் பொருளாதாரம் முதுகலை இருக்கிறது. சிறுசேரியில் சென்னை கணிதக் கழகத்தில் தரவு அறிவியல் இருக்கிறது. இந்தியப் புள்ளியியல் கழகம் இருக்கிறது, ஐ.ஐ.டி.களுக்கான முதுகலை நுழைவுத் தேர்வான ஜாமில் கணிதம், கணிதப் புள்ளியியல் இரண்டும் தாள்களாக உண்டு. மேலாண்மைக்கு கேட், டான்செட் நுழைவுத் தேர்வு எழுதி எம்.பி.ஏ. போகலாம். கணிதத்திலிருந்து எம்.பி.ஏ.வுக்குப் போகிறவர்கள் ஏராளம், பி.காம் முடித்துவிட்டுக் கணித முதுகலைக்குள் நுழைவது ரொம்பச் சிரமம். கதவு ஒரு பக்கம்தான் சுலபமாகத் திறக்கிறது என்பதால் நான் பி.எஸ்சி. கணிதத்தையே சொல்வேன்.

பணம் பற்றி நீ கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். பீடித் தொழிலாளர் பிள்ளைகளுக்கு மத்திய தொழிலாளர் நலத்துறையின் கல்வி உதவித்தொகை உண்டு, தேசிய உதவித்தொகைத் தளத்தில் விண்ணப்பிக்க வேண்டும். அம்மாவின் பீடித் தொழிலாளர் அடையாள அட்டையை இப்போதே தேடி எடுத்து வை. ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்திருந்தால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வரும், கல்லூரி அலுவலகத்திலேயே கேட்டுப் பதிந்துவிடு.

மகன் இரண்டாம் ஆண்டு கணிதம் படிக்கிறான். நான் லோடு ஆட்டோ வாங்க 50,000 ரூபாய் கடன் எடுத்தேன், 12 சதவீதம், இரண்டு வருடம், மாதம் 2,583 ரூபாய் கட்டுகிறேன். "அப்பா, இது 12 சதவீதம் இல்லை, ஏமாந்துட்டீங்க" என்கிறான். வருடம் 6,000, இரண்டு வருடம் 12,000, சேர்த்து 62,000, அதை 24-ஆல் வகுத்தால் 2,583. என் கணக்கில் தப்பு எங்கே?
– கடைக்காரர், பாவூர்சத்திரம்

அண்ணாச்சி, வகுத்தலில் தப்பே இல்லை. தப்பு அந்த 12 என்ற எண்ணைச் சொன்ன விதத்தில் இருக்கிறது. பையனைத் தட்டிக்கொடுங்கள், சரியான இடத்தைப் பிடித்திருக்கிறான்.

50,000 ரூபாய் முழுவதும் உங்கள் கையில் இருந்தது முதல் மாதம் மட்டும்தான். மாதாமாதம் அசலில் கொஞ்சம் திருப்பிக் கொடுத்துக்கொண்டே வருகிறீர்கள். ஒரு வருடம் முடியும்போது அசலில் பாதிக்குக் கொஞ்சம் கூடத்தான் உங்களிடம் நிற்கும், கடைசி மாதத்தில் இரண்டாயிரத்துச் சொச்சம்தான் நிற்கும். ஆனால் வட்டியை மட்டும் 24 மாதமும் முழு 50,000-க்குப் போட்டிருக்கிறார்கள். இதைத்தான் ஃப்ளாட் வட்டி என்கிறார்கள். நின்ற பாக்கிக்கு மட்டும் மாதம் ஒரு சதவீதம் என்று குறையும் வட்டியில் போட்டிருந்தால் தவணை சுமார் 2,354 ரூபாய் வந்திருக்கும். மாதம் 230 ரூபாய் வித்தியாசம், மொத்தத்தில் ஐயாயிரத்து ஐந்நூறு ரூபாய்க்கு மேல்.

சரி, நீங்கள் உண்மையில் கட்டும் வட்டி எவ்வளவு? நீங்கள் கட்டப்போகிற 24 தவணைகளையும் ஏதோ ஒரு மாத வட்டியில் இன்றைய மதிப்புக்குக் கொண்டுவந்து கூட்டினால் சரியாக 50,000 வர வேண்டும். அப்படி வரச்செய்யும் வட்டிதான் உண்மையான வட்டி. அது மாதம் கிட்டத்தட்ட 1.8 சதவீதம், வருடத்துக்கு 21.6 சதவீதம். நம் ஊர்க் கணக்கில் சொன்னால் ஒரு வட்டி என்று நினைத்து வாங்கியிருக்கிறீர்கள், கட்டுவது ஏறக்குறைய ரெண்டு வட்டி.

இந்த 1.8-ஐ நேரடியாகப் போட்டு எடுக்கச் சூத்திரம் கிடையாது. ஒரு எண்ணை ஊகித்து, போட்டுப் பார்த்து, கூடவா குறையவா என்று பார்த்து, திருத்தித் திருத்தி நெருங்க வேண்டும். உங்கள் மகன் எண்ணியல் முறைகளில் நியூட்டன்–ராப்சன் முறை படிப்பான், அது இந்த வேலைக்குத்தான். இப்போதைக்கு எக்செலில் ரேட் என்ற ஃபங்ஷனில் தவணை எண்ணிக்கை, தவணைத் தொகை, கடன் தொகை மூன்றையும் கொடுத்தால் (தவணைக்கு முன்னால் கழித்தல் குறி போட மறக்கக் கூடாது) நொடியில் வந்துவிடும். அடுத்த முறை கடன் பத்திரத்தில் கையெழுத்துப் போடும் முன் அவனைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ளுங்கள். மகளிர் குழுக்கடன், வண்டிக்கடன், தவணைக்கு வாங்கும் கட்டில் பீரோ என்று நம் சனங்களிடம் இந்த ஃப்ளாட் கணக்கு எவ்வளவு பணத்தைப் பிடுங்குகிறது என்று நினைத்தால் எனக்கு வயிறு எரிகிறது. ஒரு தெருவுக்கு ஒரு பிள்ளை இந்தக் கணக்கைப் போடத் தெரிந்து வைத்திருந்தால் போதும்.

வட்டியால் 72-ஐ வகுத்தால் பணம் இரட்டிப்பாகும் வருடம் வரும் என்கிறார்களே, அந்த 72 எங்கிருந்து வந்தது?
– வாசகர், வள்ளியூர்

இரண்டின் இயற்கை மடக்கை 0.693. வட்டி ஒவ்வொரு நொடியும் அசலோடு சேர்ந்துகொண்டே இருந்தால் 69.3 என்பதுதான் சரியான எண். வருடத்துக்கு ஒரு முறை சேரும்போது கொஞ்சம் கூடும். 8 சதவீதத்தில் கிட்டத்தட்ட ஒன்பது வருடம், 72-ம் அதையே சொல்கிறது, தவிர 2, 3, 4, 6, 8, 9, 12 எல்லாவற்றாலும் மீதியில்லாமல் வகுபடுவதால் மனக்கணக்குக்கு வசதி. வட்டி பெரிதானால் இது பிசகும். மூணு வட்டி, அதாவது வருடத்துக்கு 36 சதவீதம் என்றால் 72 இரண்டு வருடம் என்று சொல்லும், வருடம் ஒரு முறை வட்டியை அசலில் சேர்க்கும் கணக்கில் உண்மையில் இரண்டே கால் வருடம் ஆகும். கடன்காரருக்கு அந்த மூன்று மாதம் பெரிய ஆறுதல் இல்லை.

பி.ஏ. ஆங்கில இலக்கியம் முடித்து எம்.பி.ஏ. சேர்ந்திருக்கிறேன். ஆபரேஷன்ஸ் ரிசர்ச் தாளில் சிம்ப்ளக்ஸ் அட்டவணை போடத் தெரிகிறது, விடையும் வருகிறது. எதற்குப் போடுகிறோம் என்றுதான் புரியவில்லை. அதிலும் டூயல் என்று ஒன்று வருகிறதே, அது ஏன்?
– மாணவர், அபிஷேகப்பட்டி

தம்பி, விடை வந்த பிறகும் புரியவில்லை என்று சொல்லத் தோன்றுகிறதே, அதுதான் படிக்கிற பிள்ளைக்கு அடையாளம். அட்டவணையைக் கொஞ்ச நேரம் மூடி வைத்துவிட்டு கோவில்பட்டிக்கு வாருங்கள்.

ஒரு சின்ன மிட்டாய்க் கம்பெனி என்று வைத்துக்கொள்வோம், எண்கள் நான் போட்டவை. கடலைமிட்டாய் ஒரு பெட்டிக்கு 3 கிலோ வெல்லமும் ஒரு மணி நேர வேலையும் வேண்டும், லாபம் 40 ரூபாய். எள்ளுமிட்டாய் ஒரு பெட்டிக்கு 2 கிலோ வெல்லம், இரண்டு மணி நேரம், லாபம் 50 ரூபாய். ஒரு நாளைக்கு 60 கிலோ வெல்லம்தான் வரும், எல்லா ஆட்களுக்கும் சேர்த்து 40 மணி நேர வேலைதான் கிடைக்கும். கடலைமிட்டாய் மட்டும் போட்டால் 20 பெட்டி, 800 ரூபாய். எள்ளு மட்டும் போட்டாலும் 20 பெட்டி, 1,000 ரூபாய். எள்ளில்தான் லாபம் அதிகம் என்று முதலாளி அதிலேயே நின்றுவிடக் கூடும். ஆனால் அப்போது 20 கிலோ வெல்லம் சும்மா கிடக்கிறது. கடலை 10 பெட்டி, எள்ளு 15 பெட்டி போட்டால் வெல்லமும் தீர்ந்துவிடும், நேரமும் தீர்ந்துவிடும், லாபம் 1,150. இதற்கு மேல் ஒரு பைசா எடுக்க முடியாது என்று சிம்ப்ளக்ஸ் அடித்துச் சொல்கிறது. வரைபடம் போட்டுப் பாருங்கள், நாற்கோணத்தின் ஒரு மூலையிலிருந்து இன்னொரு மூலைக்கு நகர்வதைத்தான் அட்டவணையில் வரிசை வரிசையாகச் செய்திருக்கிறீர்கள்.

இப்போது டூயல். என் மனதுக்கு இந்தப் பாடத்தில் அழகான இடம் இதுதான், வகுப்பில் இதை அவசரமாகத் தாண்டிவிடுகிறார்கள் என்பது என் நெடுநாள் வருத்தம். முதலாளியிடம் ஓர் ஆள் வந்து "இன்னும் ஒரு மணி நேரம் வேலை பார்க்கிறேன்" என்கிறார். அந்த ஒரு மணிக்கு மதிப்பு என்ன? 40-ஐ 41 ஆக்கி மறுபடி கணக்குப் போட்டால் கடலை 9.5 பெட்டி, எள்ளு 15.75 பெட்டி, லாபம் 1,167 ரூபாய் 50 காசு. ஆக அந்த மணியின் மதிப்பு 17.50. அதேபோல ஒரு கிலோ கூடுதல் வெல்லத்தின் மதிப்பு 7.50. டூயல் கணக்கின் விடை இந்த இரண்டு எண்கள்தான், மறுபடி மறுபடி போட்டுப் பார்க்காமல் ஒரே அட்டவணையில் கடைசி வரியில் வந்து நிற்கும். 60 கிலோவை 7.50-ஆலும் 40 மணியை 17.50-ஆலும் பெருக்கிக் கூட்டிப் பாருங்கள், அதே 1,150 வரும். இருக்கிற பொருளின் மதிப்பு முழுவதும் லாபமாகத் திரும்பி வந்துவிட்டது, எங்கும் ஒழுகவில்லை.

இதைப் புரிந்துகொண்ட மேலாளர் "ஆள் எடுப்பதா, சரக்கு வாங்குவதா" என்ற கேள்விக்குக் குரலை உயர்த்தாமல் பதில் சொல்வார். ஆனால் அந்த 17.50 எப்போதும் செல்லாது. வேலை நேரம் 60 மணியைத் தாண்டிவிட்டால் வெல்லம்தான் தட்டுப்பாடு, அதற்குப் பிறகு கூடுதல் மணிக்கு மதிப்பு பூஜ்யம். எந்த எல்லைவரை ஓர் எண் செல்லும் என்று கேட்காமல் அதை மீட்டிங்கில் எடுத்துப் போடாதீர்கள்.

நேரியல் திட்டமிடல் என்ற இந்தக் கணிதம் பிறந்ததும் தொழிற்சாலையில்தான். 1939-இல் லெனின்கிராடில் ஒட்டுப்பலகைத் தொழிற்சாலை ஒன்றின் சிக்கலைத் தீர்க்கப்போய் சோவியத் கணித அறிஞர் கான்டரோவிச் இதைக் கண்டார். சிம்ப்ளக்ஸ் முறையை 1947-இல் அமெரிக்காவில் டான்ட்ஸிக் தனியாக உருவாக்கினார். 1975-இல் பொருளாதார நோபல் கான்டரோவிச்சுக்கும் பொருளாதார அறிஞர் கூப்மன்ஸுக்கும் போனது. டான்ட்ஸிக்கை விட்டுவிட்டார்கள், அது இன்றுவரை எனக்கு ஆறவில்லை.

லேப்டாப் இல்லாமல் இதைப் படிக்க முடியுமா?
– மாணவி, ஆலங்குளம்

முதல் வருடம் தாராளமாக முடியும், நோட்டும் பேனாவும் போதும். இரண்டாம் வருடத்திலிருந்து கல்லூரிக் கணினி ஆய்வகத்தில் விரிதாளும் கொஞ்சம் பைத்தானும் பழகிக்கொள்ளுங்கள். லிப்ரே ஆபீஸ், பைத்தான் இரண்டுமே இலவசம், பழைய கணினியிலும் ஓடும். இதற்காகக் கடன் வாங்க வேண்டாம்.

என் மகன் எம்.எஸ்சி. கணிதம். மொபைல் ஆப்பில் ஆப்ஷன் டிரேடிங் செய்கிறான். கேட்டால் "பிளாக்–ஷோல்ஸ் சூத்திரம் எனக்குத் தெரியும், தெரியாதவங்கதான் தோப்பாங்க" என்கிறான். இதுவரை எவ்வளவு போயிருக்கிறது என்று சொல்ல மாட்டேன் என்கிறான். ராத்திரி தூக்கம் இல்லை.
– ஒரு தகப்பனார், மேலப்பாளையம்

ஐயா, இந்தப் பதிலை அவரிடமே வாசிக்கக் கொடுங்கள்.

தம்பி, ஆப்ஷனுக்கு, அதாவது ஒரு பங்கைக் குறித்த விலைக்குப் பின்னால் வாங்கவோ விற்கவோ உள்ள உரிமைக்கு, விலை போட பிளாக், ஷோல்ஸ் இருவரும் 1973-இல் வெளியிட்ட சூத்திரம் நிதிக் கணிதத்தில் ஒரு மலை, அதைப் படித்ததற்கு உன்னைப் பாராட்டுகிறேன். ஆனால் அந்தச் சூத்திரம் சொல்வது என்ன என்று திரும்ப ஒருமுறை வாசி. நாளைக்கு விலை ஏறுமா இறங்குமா என்று அது சொல்வதே இல்லை. அதில் எதிர்பார்க்கும் லாப வீதத்துக்கு இடமே கிடையாது, சமன்பாட்டை வருவிக்கும்போது அது அடிபட்டுப் போவதுதான் அந்தத் தேற்றத்தின் சிறப்பு. பங்கு விலை எவ்வளவு ஆடும் என்ற ஒரு எண்ணைக் கொடுத்தால் ஆப்ஷனுக்கு நியாய விலை இது என்று சொல்லும், அவ்வளவுதான். அதுவும் அந்த ஆட்டம் கடைசிவரை மாறாது, விலை திடீரென்று துள்ளாது, வாங்க விற்கக் கட்டணமே கிடையாது, எந்த நொடியும் வாங்கலாம் விற்கலாம் என்ற நிபந்தனைகளில். நீ டிரேடு செய்யும் சந்தையில் இதில் எது உண்மை? சூத்திரம் தெரிந்ததால் உனக்குத் தனி லாபமும் கிடையாது. எதிர்ப்பக்கம் உட்கார்ந்திருக்கும் நிறுவனங்களுக்கும் அது தெரியும், உன்னைவிட வேகமான கணினியும் குறைந்த செலவும் அவர்களிடம் இருக்கிறது.

பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபி 2024 செப்டம்பரில் ஓர் ஆய்வை வெளியிட்டது. 2021–22 முதல் 2023–24 வரை மூன்று நிதியாண்டுகளில் பங்குச் சந்தை எஃப் அண்ட் ஓ (ஃபியூச்சர்ஸ், ஆப்ஷன்ஸ்) பிரிவில் டிரேடு செய்த தனிநபர்களில் 93 சதவீதம் பேருக்கு நஷ்டம். கட்டணங்களையும் சேர்த்து ஓர் ஆளுக்குச் சராசரி நஷ்டம் சுமார் 2 லட்சம் ரூபாய். புள்ளியியல் படித்தவன் இந்த எண்ணைப் பார்த்த பிறகு, தான் மீதி ஏழு சதவீதத்தில் இருப்பதாக நம்ப என்ன ஆதாரம் வைத்திருக்கிறான் என்று தன்னையே கேட்க வேண்டும். இரண்டு மூன்று மாத லாபம் ஆதாரம் ஆகாது, அது எவ்வளவு சின்னக் கூறு என்று உனக்கே தெரியும்.

சூத்திரத்தை எழுதியவர்களே மாட்டியிருக்கிறார்கள். ஷோல்ஸும், அந்தச் சூத்திரத்தை விரித்து வளர்த்த மெர்டனும் 1997-இல் நோபல் வாங்கினார்கள். அவர்கள் பங்குதாரர்களாக இருந்த லாங்–டெர்ம் கேபிடல் மேனேஜ்மென்ட் என்ற நிறுவனம் 1998-இல் சில மாதங்களில் 400 கோடி டாலருக்கு மேல் இழந்து, பெரிய வங்கிகள் கூடிப் பணம் போட்டுத் தூக்கிப்பிடிக்க வேண்டியதாயிற்று. ரஷ்யா தன் கடனைக் கட்ட மாட்டேன் என்று சொன்ன அந்த ஆகஸ்டில், வழக்கமாக ஒன்றோடொன்று சேராமல் நகரும் விலைகள் எல்லாம் ஒரே பக்கம் ஓடின. கணிதம் பொய்த்துவிடவில்லை, அது நின்றிருந்த நிபந்தனைகள்தான் நழுவின.

அப்பாவிடம் கணக்கைக் காட்டு, தம்பி. முதல் நாளிலிருந்து போட்டது, எடுத்தது, கட்டணம் எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி, அவர் பக்கத்தில் உட்கார்ந்து கூட்டு. கடன் வாங்கிப் போட்டிருந்தால் இன்றே நிறுத்து. உன் படிப்பை இதே துறையில் சம்பளத்துக்குப் பயன்படுத்த வழி இருக்கிறது: வங்கிகளில் இடர் மேலாண்மைப் பிரிவு, கடன் மதிப்பீடு, காப்பீடு. உன் மூளை அங்கே வேண்டியிருக்கிறது. ஐயா, நீங்களும் அவன் சொல்லும்போது சத்தம் போடாமல் கேளுங்கள். எவ்வளவு என்று தெரிந்தால்தான் எப்படி அடைப்பது என்று பேச முடியும்.

ஆக்சுவரி படிப்பு என்கிறார்களே, நம் ஊரிலிருந்து முடியுமா?
– பிளஸ் டூ மாணவர், தென்காசி

முடியும். ஆக்சுவரி என்றால் காப்பீட்டில் இடரையும் பிரீமியத்தையும் கணக்கிடும் நிபுணர். இந்திய ஆக்சுவரிகள் கழகம் நடத்தும் ஏசெட் நுழைவுத் தேர்வை பிளஸ் டூ முடித்தவர்களே எழுதலாம். அதன் பிறகு பத்துக்கு மேற்பட்ட தாள்கள், வேலை பார்த்துக்கொண்டே பல வருடம் எழுதுகிறவர்கள்தான் அதிகம், தேர்வுக் கட்டணமும் லேசு இல்லை. ஆகவே இதை மட்டும் நம்பிக் கல்லூரியை விடக் கூடாது, கணிதத்திலோ புள்ளியியலிலோ பட்டம் படித்துக்கொண்டே ஆரம்பத் தாள்களை எழுதிப் பாருங்கள். கூட்டு வட்டியும் ஆயுள் அட்டவணையும் சேரும் இடம் அது. ஓர் ஆள் இன்னும் எத்தனை வருடம் இருப்பார் என்பது தெரியாது, ஆனால் லட்சம் பேரில் எத்தனை பேர் அடுத்த வருடம் இருப்பார்கள் என்பதை நெருக்கமாகச் சொல்லலாம், அதைக் கொண்டு பிரீமியம் போடுகிறார்கள். நிகழ்தகவு உங்களுக்குப் பிடித்திருந்தால் தயங்காதீர்கள்.

"முட்டைகளை ஒரே கூடையில் போடாதே" என்பதற்கு ஏன் அணியும் பரவற்படியும் படிக்க வேண்டும் சார்?
– மாணவர், களக்காடு

எத்தனை கூடை என்பது முக்கியம் இல்லை, கூடைகள் சேர்ந்து விழுமா என்பதுதான் முக்கியம். உங்கள் ஊரில் ஒருவர் இரண்டு இடத்தில் வாழை போட்டிருக்கிறார். ஒரே சூறைக்காற்றில் இரண்டும் சாயும். அவர் பிரித்து வைத்ததாக நினைக்கிறார், பிரிக்கவில்லை. இன்னொருவர் பாதிப் பணத்தை வாழையிலும் பாதியை டவுனில் கடை வாடகையிலும் வைத்திருக்கிறார், காற்றுக்கும் வாடகைக்கும் சம்பந்தம் இல்லை. இரண்டு முதலீட்டுக்கும் தனித்தனியே திட்ட விலக்கம் (வருமானம் சராசரியிலிருந்து எவ்வளவு ஆடும் என்ற அளவு, பரவற்படியின் வர்க்கமூலம்) 20 சதவீதம், பணம் பாதிப் பாதி என்று வைத்தால், ஒட்டுறவு (இரண்டும் எவ்வளவு சேர்ந்து நகரும் என்ற அளவு) முழுமையாக ஒன்று என்றால் மொத்த விலக்கமும் 20-தான். ஒட்டுறவு பூஜ்யம் என்றால் 14 சதவீதத்துக்குக் கொஞ்சம் மேல். இரண்டு முதலீட்டுக்குக் கையால் போடலாம். ஐம்பது பங்குகள் என்றால் 1,225 ஜோடி ஒட்டுறவுகள், அதை அணி இல்லாமல் எழுதவே முடியாது. 1952-இல் பொருளாதார அறிஞர் மார்கோவிட்ஸ் இதைத்தான் எழுதினார், 1990-இல் நோபலில் பங்கு வாங்கினார்.

தமிழ் வழியில் படித்தவன். பி.எஸ்சி. கணிதம் முதல் பருவம் எப்படியோ தேறிவிட்டேன், மெய்ப் பகுப்பாய்வு (ரியல் அனாலிசிஸ்) வந்ததும் ஒன்றும் புரியவில்லை. எனக்கு வேண்டியது நிதிக் கணிதம். தொடர்வரிசை ஒருங்குகிறது என்று நிரூபிப்பதால் எனக்கு என்ன கிடைக்கும்? விட்டுவிட்டு பி.பி.ஏ. மாறிவிடலாமா?
– மாணவர், நாங்குநேரி

மாறாதே, தம்பி. அவசரப்பட்டு முடிவு எடுக்கும் முன் இதைப் போட்டுப் பார்.

ஒரு ரூபாய், வருடத்துக்கு நூறு சதவீத வட்டி. வருடக் கடைசியில் ஒரே முறை சேர்த்தால் இரண்டு ரூபாய். ஆறு மாதத்துக்கு ஒரு முறை சேர்த்தால் 2.25. மாதாமாதம் சேர்த்தால் சுமார் 2.613. தினமும் சேர்த்தால் சுமார் 2.7146. மணிக்கு ஒரு முறை, நொடிக்கு ஒரு முறை என்று போய்க்கொண்டே இருந்தால் பணம் எல்லையில்லாமல் பெருகுமா, எங்காவது நிற்குமா? 1683-இல் ஜேக்கப் பெர்னூலி கூட்டு வட்டியைப் பற்றி யோசித்தபோது கேட்ட கேள்வி இதுதான். அவர் அது இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவில் நிற்கும் என்று காட்டினார். நீ நுண்கணிதத்தில் பார்க்கிற 2.718 என்ற அந்த எண் வட்டிக் கணக்கில்தான் முதலில் தலைகாட்டியது.

நிற்கும் என்று எப்படித் தெரியும்? கால்குலேட்டரில் ஆயிரம் முறை போட்டாலும் தெரியாது. தொடர்வரிசை கூடிக்கொண்டே போகிறது என்று காட்ட வேண்டும், மூன்றைத் தாண்டாது என்று காட்ட வேண்டும், மேல்வரம்புள்ள ஏறும் தொடர்வரிசை ஒருங்கும், அதாவது ஓர் எண்ணை நெருங்கி நிற்கும் என்ற தேற்றத்தைப் போட வேண்டும். உனக்குப் புரியவில்லை என்று எழுதியிருக்கிற பாடத்தின் முதல் தேற்றங்களில் ஒன்று அது. பின்னால் ஆப்ஷன் விலையும் தொடர் வட்டியும் வரும்போது எல்லாமே எல்லை எடுப்பதில்தான் நிற்கும். அங்கே எல்லை எடுக்கலாமா கூடாதா என்று கேட்கத் தெரியாதவர்கள் சூத்திரத்தை நம்பிக்கொண்டு போக வேண்டியதுதான்.

மொழியைப் பற்றிக் கவலை வேண்டாம். நிரூபணத்தை முதலில் தமிழில், உன் தங்கைக்குச் சொல்வதுபோல எழுது. எந்த வரியில் "ஏன்" என்று கேட்டால் பதில் வரவில்லையோ அங்கே பென்சிலால் ஒரு கோடு போடு. அந்தக் கோட்டோடு ஆசிரியரிடம் போ. "ஒன்றும் புரியவில்லை" என்று போனால் அவரால் முழுப் பாடத்தையும் திரும்ப நடத்த முடியாது, "இந்த வரி புரியவில்லை" என்று போனால் ஐந்து நிமிடத்தில் சொல்லிவிடுவார். அதன் பிறகு பரீட்சைக்காக அதே நிரூபணத்தை ஆங்கிலத்தில் எழுதிப் பழகு. ஒரு நாளைக்கு ஒரு நிரூபணம் போதும்.

இப்போதைக்கு ஈருறுப்புத் தேற்றத்தை வைத்து, வட்டி சேர்க்கும் எண்ணிக்கையை எவ்வளவு கூட்டினாலும் அந்த ஒரு ரூபாய் மூன்று ரூபாயைத் தாண்டாது என்று காட்டு. பள்ளியில் படித்த பெருக்குத் தொடர் கூட்டல் கை கொடுக்கும். எழுதி அனுப்பினால் திருத்தி அனுப்புகிறேன், நடுவில் நின்றுபோனாலும் நின்ற இடம் வரை அனுப்பு.